விளையாட்டு வினா – விடை: ஓன் கோலும் 110 சர்வதேசப் போட்டிகளும்

கேள்வி: சென்னையின் எப்சி உதைபந்தாட்ட அணிக்காக நோர்வே நாட்டுப் பின்கள வீரர் ஒருவர் ஆடியதாக நண்பர் சொல்கிறார். உண்மையா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: உண்மைதான். அவர் ஜோன் ஆர்னே ரீசே. 1980இல் மோல்டே நகரில் பிறந்து, ஓலெசுண்ட் கழகத்தில் ஆடத் தொடங்கினார். 1998இல் மொனாக்கோ சென்றார்; அக்கழகம் 2000ஆம் ஆண்டு பிரெஞ்சு லீக்கை வென்றபோது அதில் இருந்தார். 2001 முதல் 2008 வரை லிவர்பூலின் இடதுபுறப் பின்கள வீரர். பின்னர் இத்தாலியின் ரோமா, இங்கிலாந்தின் புல்ஹாம், சைப்ரஸின் அப்போயல் ஆகிய கழகங்களுக்கு ஆடிவிட்டு, 2015இல் டெல்லி டைனமோஸ் அணிக்கு வந்தார். அங்கே அவருடைய பயிற்றுநர் பிரேசிலின் ரொபர்டோ கார்லோஸ். இடது காலால் இடிபோல் அடிப்பதற்குப் பெயர்போன இருவர் ஒரே அணியில் சேர்ந்தது இந்திய ரசிகர்களுக்குக் கிடைத்த பேறு. 2016இல் மார்க்கோ மற்றராசி பயிற்றுவித்த சென்னை அணிக்காக ஆடினார்.

கேள்வி: என் மகன் பாடசாலை அணியில் இடதுபுறப் பின்கள வீரன். வலயமட்டப் போட்டியின் கடைசி நிமிடத்தில், எதிரணி உதைத்த பந்தைத் தலையால் தட்டி வெளியேற்ற முயன்று, எங்கள் கோலுக்குள்ளேயே செலுத்திவிட்டான். அணி தோற்றது. மூன்று வாரமாக மைதானத்துப் பக்கமே போகவில்லை. அவனுக்கு நான் என்ன சொல்வது? (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, மேலே சொன்ன அதே ரீசேயின் கதையைத்தான் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டும். அந்த இரவை நானும் பார்த்தேன். இலங்கை நேரப்படி 2008 ஏப்ரல் 23 அதிகாலை. வீட்டார் விழித்துவிடுவார்களே என்று ஒலியை மிகவும் குறைத்துவைத்துக்கொண்டு, கல்லடியில் நண்பர் வீட்டில் நால்வர் உட்கார்ந்திருந்தோம். ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், லிவர்பூலின் அன்பீல்ட் மைதானம். டிர்க் கைற் அடித்த கோலினால் லிவர்பூல் செல்சியை 1–0 என்று முந்தியிருந்தது. காயமடைந்த பாபியோ ஒரேலியோவுக்குப் பதிலாக இரண்டாம் பாதியில்தான் ரீசே உள்ளே வந்தார். உபாதையீடு நேரமும் (வீணான நேரத்துக்கு ஈடாகக் கடைசியில் சேர்க்கும் நிமிடங்கள்) முடியும் தறுவாயில், செல்சியின் சலமன் கலூ கோலை நோக்கித் தாழ்வாக ஒரு பந்தை அனுப்பினார். வலது காலால் உதைத்துத் தள்ளியிருக்கக்கூடிய பந்து அது. ஆனால் இடது காலையே நம்பி வளர்ந்த ரீசே குனிந்து பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து அவருடைய சொந்த வலைக்குள் போய் விழுந்தது; இதைத்தான் ஓன் கோல் என்பார்கள். 1–1. நண்பர் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் லண்டனில், மேலதிக நேரம்வரை நீண்ட ஆட்டத்தில் 3–2 என்று வென்று, செல்சி இறுதிப் போட்டிக்குப் போனது. அந்தக் கோடையிலேயே ரீசே லிவர்பூலை விட்டு ரோமா சென்றார்.

இவ்வளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு மற்றதையும் சொல்லுங்கள். 2005 மே 25, இஸ்தான்புல்லில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மிலான் அணி இடைவேளையின்போது 3–0 என்று முன்னிலையில் இருந்தது. 54ஆம் நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து ரீசே உள்ளே அனுப்பிய முதல் பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அவர் தயங்காமல் அதையே மீண்டும் அனுப்ப, லிவர்பூல் தலைவர் ஜெராட் தலையால் முட்டிக் கோலாக்கினார். அடுத்த ஆறு நிமிடங்களுக்குள் ஆட்டம் 3–3 ஆகி, கடைசியில் பெனல்டி உதைகளில் லிவர்பூல் கிண்ணத்தை வென்றது. அந்தப் பெனல்டிகளில் ரீசேயின் உதையை மிலான் கோல் காப்பாளர் டிடா தடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறு ஆண்டு இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியும் பெனல்டிக்குத்தான் வந்தது. ரீசே மறுபடியும் உதைக்கப் போனார், இம்முறை கோல் அடித்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 2007 பெப்ரவரியில் பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் அவர் அடித்த வெற்றிக் கோல். அதை அடித்தது வலது காலால். அன்பீல்டில் நீட்டத் தயங்கிய அதே கால்தான்.

ஓன் கோலுக்குப் பின்னரும் ரீசேயின் ஆட்டம் நின்றுவிடவில்லை. 2010 ஜனவரியில் யுவெண்டஸ் அணிக்கு எதிராக, இதே உபாதையீடு நேரத்தில், இதே தலையால், ரோமாவுக்கு 2–1 வெற்றியைத் தேடிக்கொடுத்தார். புல்ஹாமில் தம் தம்பி பியோர்ன் ஹெல்கேயுடன் ஒரே அணியில் இருந்தார். 2012இல், தோர்பியோர்ன் ஸ்வென்சன் நெடுங்காலமாக வைத்திருந்த 104 போட்டிகள் என்ற நோர்வே சாதனையைக் கடந்து, பின்னர் 110 சர்வதேசப் போட்டிகளுடன் தேசிய அணியிலிருந்து விலகினார்.

மகனை மைதானத்துக்கு வரச்சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். மாலையில் வெயில் தணிந்ததும் கடற்கரைக்கு ஒரு பந்துடன் நீங்களே அவனை அழைத்துப் போங்கள். அவனுடைய வலப்பக்கமாக, முழங்கால் உயரத்தில் பந்தை எறியுங்கள். குனியாமல், உடலைத் திருப்பி, வலது காலாலேயே பக்கவாட்டில் வெகுதூரம் உதைத்துத் தள்ளட்டும். நாளொன்றுக்கு முப்பது தடவை போதும்.