வீடியோ எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கும்போது கிராபிக்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

ஜிபியு என்பது திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் சிப். 4கே வீடியோவில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 25 கோடி. நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் அத்தனைக்கும் கணக்குப் போட வேண்டும். பிராசசர் என்பது கைதேர்ந்த ஒரே பெயிண்டர் மாதிரி. ஜிபியு என்பது பெரிய சுவரை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அடிக்கும் ஆயிரம் பேர்.

ஆனால் வெட்டி ஒட்டும்போது வீடியோ திக்கித் திணறுவதற்குப் பல நேரம் காரணம் வேறு. கேமராவும் போனும் பெரும்பாலும் எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கித்தான் சேமிக்கின்றன. பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகிறது. அதனால் ஒன்றைக் காட்ட மற்றவற்றையும் விரித்தாக வேண்டும். இந்த வேலைக்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு. இன்டெல்லில் அதன் பெயர் குயிக் சிங்க். உங்கள் கேமரா 10 பிட் 4:2:2 முறையில் (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) எடுத்தால், அதை விரிக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்விடியா நிறுவனத்தின் ஜிபியுக்களில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது.

அப்புறம் வாட் அளவு, அதாவது ஜிபியு எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060, தயாரிப்பாளர் விருப்பப்படி 35 முதல் 115 வாட் வரை ஓடும். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு.

கிராபிக்ஸ் மெமரி கூடினால் வேகமும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் சொல்கிறது, போதாதபோதுதான் வேலை தடைபடும், 4கே எடிட்டிங்குக்குப் பெரும்பாலும் 8 ஜிபி போதும்.