பேட்டில்குரூசரா, பேட்டில்ஷிப்பா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பேட்டில்ஷிப், பேட்டில்குரூசர் என்று இரண்டு வகைப் பெரிய போர்க்கப்பல்களைச் சொல்கிறார்கள். படங்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அளவும் ஒன்று, பீரங்கியும் ஒன்று. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

பிரிட்டனின் முதல் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 1906இல் வந்த டிரெட்நாட் பேட்டில்ஷிப். அதில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து, பக்கக் கவசம் 11 அங்குலம், வேகம் 21 நாட் (கப்பல் வேகத்தின் அளவு, மணிக்கு ஒரு கடல் மைல்). 1908இல் வந்த இன்வின்சிபிள் பேட்டில்குரூசர். அதே 12 அங்குலப் பீரங்கிகள் எட்டு, பக்கக் கவசம் 6 அங்குலம், வேகம் 25 நாட்.

வெறும் நான்கு நாட்தானே என்று தோன்றும். அந்த நான்கு நாட்டுக்காக இயந்திரத்தின் சக்தியை 23,000 குதிரைத்திறனிலிருந்து 41,000க்கு உயர்த்த வேண்டியிருந்தது. அத்தனை நீராவிக்குக் கூடுதல் கொதிகலன்கள், அவற்றை வைக்க நீளமான உடல். இதற்கான எடையைக் கவசத்திலிருந்தும் இரண்டு பீரங்கிகளிலிருந்தும் எடுத்தார்கள். செலவு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இதை மலிவுப் பதிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு மெல்லிய கவசத்தோடு ஒரு கப்பலைக் கட்டுவதே மடத்தனம் அல்லவா? யாருடைய யோசனை இது?

பிரிட்டிஷ் கடற்படையின் தலைவராக இருந்த அட்மிரல் ஃபிஷருடையது. மடத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தன்னைவிட வலியவனிடமிருந்து ஓடித் தப்பவும், எளியவனைத் துரத்திப் பிடிக்கவும் அவர் ஒரு கப்பல் கேட்டார். வணிகக் கப்பல்களை வேட்டையாடும் எதிரிக் குரூசர்கள்தான் (பேட்டில்ஷிப்பைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) இலக்கு.

அந்த வேலையை அது எப்படிச் செய்தது என்பதற்குத் தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகள் சாட்சி. 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரையோரம் கொரோனல் என்ற இடத்தில் ஜெர்மானிய அட்மிரல் ஷ்பே இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தார். அவற்றில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடனே இன்வின்சிபிளும் இன்ஃப்ளெக்சிபிளும் தென் அட்லாண்டிக்குக்கு விரைந்தன. டிசம்பர் 8 அன்று ஷ்பே ஃபாக்லாந்தை நெருங்கியபோது அவை அங்கே நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தன. அவர் திரும்பி ஓடினார், பயனில்லை. வேகம் கூடியவனே சண்டையின் தூரத்தைத் தீர்மானிக்கிறான். ஷ்பேயின் 8.2 அங்குலப் பீரங்கிகள் பெரிய சேதம் செய்ய முடியாத தொலைவில் நின்று பிரிட்டிஷார் 12 அங்குலக் குண்டுகளைப் பொழிந்தார்கள். மாலைக்குள் அவருடைய ஐந்து போர்க்கப்பல்களில் நான்கு கடலுக்குள் போயின. ஷ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் மாண்டனர். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான்.

கேள்வி: நம் சென்னையைத் தாக்கிய எம்டனும் பேட்டில்குரூசர்தானா?

இல்லை. எம்டன் இலகு குரூசர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து கொண்டது. ஆனால் தொடர்பு உண்டு. அது இதே ஷ்பேயின் அணியிலிருந்து தனியே பிரிந்து வந்த கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் அதை முடித்துவைத்தது.

கேள்வி: பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாந்து கடற்போரில் மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் வெடித்துச் சிதறினவே. மெல்லிய கவசம்தானே காரணம்?

எல்லோரும் சொல்லும் பதில் இது, பாதிதான் சரி.

1916 மே 31 அன்று இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் சில மணி நேரத்துக்குள் வெடித்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்டிஃபேட்டிகபிளில் பிழைத்தவர் இருவர், இன்வின்சிபிளில் ஆறு பேர். "இன்று நம் கப்பல்களில் ஏதோ கோளாறு இருக்கிறது" என்ற பொருளில் பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்களின் தளபதி அட்மிரல் பீட்டி சொன்னது இந்த நாளில்தான்.

கோளாறு எங்கே? பீரங்கிக் கூண்டைக் குண்டு துளைக்கிறது. உள்ளே இருக்கும் வெடிமருந்து தீப்பிடிக்கிறது. அந்தத் தீ கீழே கிடங்குக்குப் போகாதவரை கப்பல் பிழைக்கும். பிரிட்டிஷார் கார்டைட் வெடிமருந்தைப் பட்டுப் பைகளில் வைத்திருந்தார்கள். வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறியில் கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்து, பைகளை வழியெங்கும் அடுக்கினார்கள். தீ நேராக இறங்கியது. ஜெர்மானியர் முதன்மை வெடிமருந்தைப் பித்தளை உறையில் வைத்தார்கள். அதோடு 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் ஸெய்ட்லிட்ஸ் கப்பலின் பின்பக்கக் கூண்டுகள் இரண்டும் எரிந்து 150க்கும் மேற்பட்டவர்கள் கருகியபோது, கூண்டுக்குள் வெளியே கிடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும் என்ற பாடத்தையும் கற்றார்கள்.

ஜட்லாந்தில் பீட்டியின் சொந்தக் கப்பல் லயனும் வெடித்திருக்க வேண்டியதுதான். நடுக்கூண்டில் குண்டு விழுந்தபோது, படுகாயமடைந்திருந்த மேஜர் ஹார்வி கிடங்கில் நீரை நிரப்ப ஆணையிட்டதால் தப்பியது. கவசத்தின் தடிமன் அங்கே மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அப்படியானால் கவசம் முக்கியமில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. குயின் மேரிக்கு 13.5 அங்குலப் பீரங்கி, 9 அங்குலக் கவசம். ஜெர்மனியின் டெர்ஃப்ளிங்கருக்கு 12 அங்குலப் பீரங்கி, 300 மில்லிமீட்டர் (ஏறக்குறைய 12 அங்குலம்) கவசம். அவர்கள் பீரங்கியைச் சிறிதாக்கி உடலைக் காத்தார்கள். ஜட்லாந்தில் ஸெய்ட்லிட்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட கனரகக் குண்டுகளை வாங்கி, 5,000 டன்னுக்கும் மேல் கடல்நீரைச் சுமந்துகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. என் குறை ஃபிஷரிடம் குறைவு, தளபதிகளிடம் அதிகம். துரத்துவதற்காகக் கட்டிய கப்பலை, கையில் 12 அங்குலப் பீரங்கி இருக்கிறது என்பதற்காகவே தன்னைப் போன்ற பீரங்கி உள்ளவர்களின் முன் வரிசையாக நிறுத்தினார்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் பேட்டில்குரூசர் ஹூட் 1941இல் மூழ்கியதும் இதே கதைதானா?

முழுதாக இல்லை. ஹூட்டுக்குப் பக்கக் கவசமே 12 அங்குலம். 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு, 31 நாட் வேகம். உண்மையில் அது வேகமான பேட்டில்ஷிப். பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் வடிவமைப்பு முதல் உலகப் போர்க் காலத்தது. மேல்தளக் கவசம் போதாது, செய்திருக்க வேண்டிய பெரிய சீரமைப்பு தள்ளித் தள்ளிப் போனது. மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் ஜெர்மானியப் பேட்டில்ஷிப் பிஸ்மார்க்கின் குண்டு பட்டு வெடித்தது. 1,418 பேரில் மூவர் மிஞ்சினர்.

கேள்வி: நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குவாந்தான் கடலில் மூழ்கிய ரிபல்ஸ் தடித்த கவசத்தோடு இருந்திருந்தால் பிழைத்திருக்குமா?

அதன் அருகிலேயே பதில் மிதந்தது. 1941 டிசம்பர் 10 அன்று ரிபல்ஸ் என்ற பழைய பேட்டில்குரூசரும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற புத்தம்புதிய பேட்டில்ஷிப்பும் சேர்ந்தே போயின. இரண்டையும் மூழ்கடித்தவை ஜப்பானிய விமானங்கள். ரிபல்ஸின் கேப்டன் டெனன்ட் ஏராளமான டார்ப்பிடோக்களை லாகவமாக விலக்கினார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸோ தொடக்கத்திலேயே சுழலித் தண்டில் அடிவாங்கித் தடுமாறியது. துணைக்கு ஒரு போர் விமானம்கூட இல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

கேள்வி: பிறகு ஏன் இந்த வகையே மறைந்தது?

இயந்திரங்கள் முன்னேறியதால் வேகமா, கவசமா என்ற பேரமே தேவையற்றுப் போனது. அமெரிக்காவின் அயோவாவைப் பாருங்கள்: 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பது, 12 அங்குலக் கவசம், 33 நாட் வேகம். ஜப்பான் தன் பழைய காங்கோ வகைப் பேட்டில்குரூசர்களைப் புதுப்பித்துப் பேட்டில்ஷிப் என்று அழைத்தது. அவற்றில் ஒன்றான கிரிஷிமா 1942 நவம்பரில் குவாடல்கனால் அருகே இருட்டில் வாஷிங்டன் என்ற அமெரிக்க பேட்டில்ஷிப்பின் முன் மாட்டிக்கொண்டது. 16 அங்குலக் குண்டுகளால் சில நிமிடங்களிலேயே செயலிழந்து, பிறகு மூழ்கியது.

கேள்வி: ரஷ்யாவின் கிரோவ் வகைக் கப்பலையும் பேட்டில்குரூசர் என்கிறார்களே?

அது பத்திரிகைகள் வைத்த பெயர். ரஷ்யர்கள் அதை அணுசக்தி ஏவுகணைக் குரூசர் என்றே பதிவு செய்திருக்கிறார்கள்.