தொலைவிலிருந்து சுவிட்சை நிர்வகித்தல்: வாங்குமுன் பார்க்க வேண்டியவையும் வாங்கியபின் செய்ய வேண்டியவையும்

கேள்வி: ஈரோட்டில் இரண்டு மாடிகளில் இயங்கும் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு கணினிகளைக் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும், 24 போர்ட் கொண்ட நெட்வொர்க் சுவிட்ச் வாங்க இருக்கிறோம். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவர் கோவையில் இருப்பதால், சிறு மாற்றத்துக்கும் அவர் நேரில் வரவேண்டியுள்ளது. கடையில் காட்டிய மூன்று சுவிட்சுகளில் இரண்டை ‘மேனேஜ்டு’ (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியவை) என்கிறார்கள். ஆனால் அவற்றின் விலைகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: பெட்டியில் ‘மேனேஜ்டு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். விலை குறைந்த வகையில் பெரும்பாலும் ஒரு வலைப்பக்கம் மட்டுமே இருக்கும். பிரவுசரில் சுவிட்சின் ஐபி முகவரியைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும், ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாக (விலேன்) பிரிக்கலாம், போர்ட்டை அணைக்கலாம். இவற்றுள் சில மாடல்களில் அந்தப் பக்கம் மறையாக்கம் ஏதுமில்லாத எச்டிடிபி வழியாகவே வருவதால், நீங்கள் இடும் கடவுச்சொல் கம்பியில் அப்படியே பயணம் செய்யும். முழு மேனேஜ்டு வகையில் கன்சோல் போர்ட் (கேபிள் மாட்டி நேரடியாக அமைக்க), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மறையாக்கத்துடன் கட்டளையிட), எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் உள்ள வலைப்பக்கம்), எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு (சுவிட்சின் நிலையைக் கண்காணிக்க) ஆகியவை இருக்கும். எந்தெந்த முகவரியிலிருந்து உள்ளே வரலாம் என்று வரையறுக்கவும் முடியும்.

ஆகவே கடைக்காரரிடம் அந்த மாடலின் டேட்டாஷீட்டைக் கேட்டு வாங்கி, நிர்வாகம் பற்றிய பகுதியை மட்டுமாவது நீங்களே படியுங்கள். எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்பு அதில் இல்லாமல் டெல்நெட் என்ற பழைய தொலைவழி முறை மட்டும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். டெல்நெட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கம் இல்லாமல் செல்கின்றன. அதே நெட்வொர்க்கில் வழியிடையே, செல்லும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் போன்ற மென்பொருளை ஓட்டுபவர் அவற்றை எழுத்துக்கு எழுத்து வாசிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் இப்படித் திருடப்பட்டதை அடுத்துத்தான் 1995இல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு கண்ட ஒரு சிக்கலை இன்று புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

கிளவுட் வழியாக, அதாவது தயாரிப்பாளரின் இணையச் சேவை மூலம், நிர்வகிக்கும் சுவிட்சுகளையும் உங்களுக்குக் காட்டியிருக்கலாம். கோவையில் இருப்பவர் தம் கைப்பேசியிலிருந்தே பார்க்க முடியும் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் மெராக்கி என்ற கிளவுட் வகையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் உரிமம் முடியும் முறையைத் தேர்ந்தவர்கள், காலாவதியான பின் கிடைக்கும் 30 நாள் அவகாசத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் நெட்வொர்க்கே நின்றுபோகும். உங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு, சந்தா இல்லாமலேயே இயங்குகிற, எஸ்எஸ்எச் உள்ள இடைநிலை மாடல் போதுமானது என்பதே என் கருத்து. அந்த மாடலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதையும் தயாரிப்பாளரின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஒன்றைப் பயன்படுத்திய பொருளாக வாங்கினேன். எஸ்எஸ்எச் அமைத்தும் என் மடிக்கணினியிலிருந்து இணைய முடியவில்லை; பொருந்தும் விசைப் பரிமாற்ற முறை இல்லை என்று பிழைச் செய்தி வருகிறது. சுவிட்ச் பழுதா?

பதில்: பழுது அன்று. உங்கள் சுவிட்சில் உள்ள மென்பொருள் பழைய மறையாக்க முறைகளை மட்டுமே அறிந்தது. உங்கள் மடிக்கணினியோ அவற்றைக் கைவிட்டுவிட்டது. கணினியில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன் எஸ்எஸ்எச் 2015இல் வந்த 7.0 பதிப்பில் டிஃபி-ஹெல்மன் குரூப்1 என்ற விசைப் பரிமாற்ற முறையையும், 2021இல் வந்த 8.8 பதிப்பில் ஷா-1 என்ற பழைய முறையைக் கொண்ட ஆர்எஸ்ஏ கையொப்பத்தையும் இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. முதலில் அந்த மாடலுக்குக் கிடைக்கும் கடைசி ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) பதிப்பை ஏற்றிப் பாருங்கள். கோப்பின் பெயரில் ‘கே9’ என்ற குறி இருந்தால்தான் அதில் மறையாக்கம் உண்டு. அதன் பின்னும் பிழை நீடித்தால், உங்கள் கணினியில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கும்படி அமைக்கலாம். எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுவது தவறு.

பயன்படுத்திய சுவிட்சு என்பதால், முந்தைய உரிமையாளரின் அமைப்புகள் உள்ளே இருக்கும் என்றே கொள்ளுங்கள். கன்சோல் கேபிளை மாட்டி, 9600 வேகம், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்து இணையுங்கள். தொடக்க அமைப்புக் கோப்பை அழித்தாலும் விலேன் பட்டியல் ஃபிளாஷ் நினைவகத்தில் தனிக் கோப்பாகத் தங்கிவிடும். அதையும் அழித்துவிட்டுச் சுவிட்சை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

பிறகு நிர்வாகத்துக்கென்றே ஒரு விலேனை ஒதுக்கி, அதற்கு ஐபி முகவரி கொடுங்கள். இயல்புக் கேட்வேயை, அதாவது வெளி நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் ரௌட்டரின் முகவரியை, குறிப்பிட மறந்தால், அதே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதியில்) உள்ள கணினிக்கு மட்டுமே சுவிட்ச் பதில் சொல்லும். பக்கத்து மேசையிலிருந்து வேலை செய்வது வெளியிலிருந்து வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சுவிட்சுக்கு ஒரு பெயரும் டொமைன் பெயரும் வைத்த பின்னரே எஸ்எஸ்எச்சுக்குத் தேவையான ஆர்எஸ்ஏ மறையாக்க விசையை உருவாக்க முடியும். விசை 2048 பிட் இருக்கட்டும். 768 பிட்டுக்குக் குறைந்தால் எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்பு இயங்காது. பயனர் கடவுச்சொல்லை ‘பாஸ்வேர்ட்’ கட்டளையால் அல்லாமல் ‘சீக்ரெட்’ கட்டளையால் அமையுங்கள். முன்னதை, ‘டைப் 7’ ஆக மறைத்தாலும்கூட, நொடியில் மீட்டெடுக்கலாம்.

தொலைவழி நுழைவுக்கான விடிஒய் வரிசைகள் 0 முதல் 15 வரை மொத்தம் 16. அமைப்புக் கோப்பு அவற்றை 0–4, 5–15 என்று இரண்டு பகுதிகளாகக் காட்டுவதால், பலர் முதற்பகுதியில் மட்டும் எஸ்எஸ்எச்சை வைத்துவிட்டு, மற்றதில் டெல்நெட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் எஸ்எஸ்எச்சை மட்டும் அனுமதித்து, நிர்வாகக் கணினிகளின் முகவரிகளை மட்டும் ஏற்கும் அணுகல் பட்டியலையும் இணையுங்கள். 2017 மார்ச்சில் 300க்கும் மேற்பட்ட சிஸ்கோ மாடல்களில் டெல்நெட் வழியாகச் சுவிட்சையே கைப்பற்றக்கூடிய ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் வரும் வரை டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச்சுக்கு மாறுங்கள் என்பதுதான் அந்நிறுவனம் தந்த அறிவுரை.

கன்சோலை மூடும் முன் இன்னொரு சாளரத்தில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து சோதித்து, அதன் பிறகே அமைப்பைச் சேமியுங்கள். பின்னாளில் தொலைவிலிருந்து ஏதேனும் மாற்றும்போது, தொடங்குமுன் பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி சுவிட்சுக்குக் கட்டளை கொடுத்துவிடுங்கள். மாற்றம் தவறி நீங்கள் வெளியே தள்ளப்பட்டால், சுவிட்ச் கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் தானே திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம்.

கேள்வி: ரௌட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் எண் போர்ட்டைத் திறந்துவிட்டால் எங்கிருந்தும் சுவிட்சுக்குள் நுழையலாம் என்கிறார் எங்கள் டெக்னீஷியன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இணையத்தில் திறந்திருக்கும் 22ஆம் போர்ட்டைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2018 ஏப்ரலில் ஈரான், ரஷ்யா உள்ளிட்ட நாடுகளில் சிஸ்கோ சுவிட்சுகளின் அமைப்புகள் அழிக்கப்பட்டபோது, நுழைவாயிலாக இருந்தது ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற நிர்வாக வசதிக்கான 4786ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடந்ததுதான். ரௌட்டரிலேயே வயர்கார்டு அல்லது ஐபிசெக் வகை விபிஎன் (மறையாக்கம் செய்த தனிவழி இணைப்பு) அமைத்து, அதன் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்த பிறகு சுவிட்சைத் தொடுவதே முறை.

கேள்வி: எஸ்எஸ்எச் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால் ஆன்லைனில் ஒரு சுவிட்ச் வாங்கினேன். வந்த பொருளில் அது இல்லை. விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; பிறகு அதைத் திருத்திவிட வாய்ப்புண்டு. சுவிட்சின் மெனுவையும் மாடல் எண் ஒட்டியிருக்கும் லேபிளையும் படமெடுத்து, எழுத்து மூலம் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. வீட்டுக்காகவோ உங்கள் பிழைப்புக்கான சுயதொழிலுக்காகவோ வாங்கியிருந்தால், அதை மனுவின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் எழுப்பக்கூடிய ஆட்சேபம் அதுவாகவே இருக்கும்.