சிங்கப்பூரில் கம்பத்துக் (கிராமக் குடியிருப்புகளின்) காலத்திலேயே தமிழ் மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) சபைகள் இருந்தனவா? எப்படி உருவாயின?

இருந்தன. தமிழர்களுக்கு எங்கே வேலை இருந்ததோ, அங்கே சபையும் இருந்தது. இன்றைய தமிழ் மெதடிஸ்ட் சபைகளின் பெயர்களையே பாருங்கள்: செம்பவாங், சிலேத்தார், பாசிர் பாஞ்சாங். கடற்படைத் தளம், விமானப்படைத் தளம், துறைமுகத்துப் பக்கம். நம் ஆட்கள் பிழைக்கப் போன இடங்கள்தான் எல்லாம்.

தொடக்கம் மட்டும் நகரத்தில். 1885 பிப்ரவரியில் ஜேம்ஸ் தோபர்ன், வில்லியம் ஓல்டம் ஆகிய மெதடிஸ்ட் மிஷனரிகள் இந்தியப் பணியிலிருந்து இங்கே வந்து இறங்கினார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். அடுத்து 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்து ஒரு பள்ளி ஆரம்பித்தார். இன்று பெயர்பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். ஆரம்பத்தில் அதைத் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே சொன்னார்கள். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே தெருவில்தான் தாய்ச் சபையான தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் இருக்கிறது.

அப்புறம்தான் கம்பங்கள். நீ சூன், செம்பவாங், சிலேத்தார் வட்டாரம் முழுக்க அப்போது ரப்பர்த் தோட்டம். பால் வெட்டுவதில் தமிழர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1920களின் இறுதியில் சிலேத்தார் விமானத் தளமும், 1938இல் செம்பவாங்கின் பெரிய கப்பல் துறையும் திறந்த பிறகு இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். நான் நேவல் பேஸ் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா டாக்யார்டில் பெயின்டர். எங்கள் பிளாக்கில் மலையாளிகள், தமிழர்கள், சீக்கியர்கள் எல்லாரும் சுவருக்குச் சுவர் ஒட்டித்தான் இருந்தோம்.

முதலில் கட்டடம் எதுவும் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் வீட்டுக்கூட்டம்; பாயை விரித்துப் பாட்டு, ஜெபம், ஒரு வசனம். இது சும்மா தற்செயலாக நடந்ததல்ல. குருப்பட்டம் பெறாத சாதாரண ஆளும் பிரசங்கம் செய்யலாம் என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்திலிருந்தே வழக்கம். அதனால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிளார்க்கோ வாத்தியாரோ இருந்தால் போதும், சபை நடந்துவிடும். திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் மட்டும் போதகர் ஐயா வர வேண்டும். அவர் வரும் ஞாயிறென்றால் அம்மா முந்தின இரவே எங்கள் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்துவிடுவார்.

கூடியவர்கள் எல்லாரும் பிறப்பால் மெதடிஸ்ட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1814 முதலே வெஸ்லியன் மிஷன் இருந்ததால் அங்கிருந்து வந்த சிலருக்கு இது பழகிய சபை. திருநெல்வேலிக்காரர்கள் ஊரில் ஆங்கிலிகன் சபை, பிறகு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் லுத்தரன். இங்கே வந்தபின் தமிழில் ஆராதனை எங்கே நடக்கிறதோ, அதுதான் நம் சபை. ஒரே கீர்த்தனையை ஆளுக்கொரு ராகத்தில் இழுப்பார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சேர்ந்துவிடும்.

அந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்ள ஸ்தோத்திரப் பண்டிகை ஒன்று போதும். வீட்டுப் பின்பக்கம் விளைந்த மரவள்ளிக்கிழங்கு, வாழைத்தார், முருங்கைக்காய் கட்டு, கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்தின் முன்னால் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். இரண்டு வெள்ளி (டாலர்) பெறாத ஒரு பப்பாளி பத்து வெள்ளிக்குப் போகும். எடுத்தவர் அதை அப்படியே கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு விதவைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போவார். சம்பளம் வாங்கிய வாரமாகப் பார்த்துத்தான் பண்டிகைத் தேதியே வைப்பார்கள் என்று அப்பா சொல்வார். அந்த ஏலக் காசில்தான் நாற்காலி, ஹார்மோனியம், பிறகு கூரை எல்லாம் வந்தன.

1968இல் பிரிட்டிஷார் தங்கள் படைகளோடு வெளியேறுவதாக அறிவித்ததும் எல்லாம் ஆடிப்போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் கப்பல் துறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. 1971 முடிவதற்குள் பட்டாளத்தில் பெரும்பகுதி கிளம்பிவிட்டது. வேலை போனவர்களில் பலர் சேமிப்பை வாங்கிக்கொண்டு ஊருக்கே கப்பல் ஏறினார்கள். வழியனுப்பு ஜெபம் நடக்காத ஞாயிறே இல்லை என்ற அளவுக்கு இருந்தது. மிஞ்சியவர்களும் கம்பங்கள் காலியானதும் யீஷூன், அங் மோ கியோ என்று வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள்.

ஆனாலும் சபைகள் கலையவில்லை. எனக்குத் தெரிந்தவரை காரணம் கட்டடமல்ல, அமைப்பு. 1976இல் சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை தனியாக அமைந்தபோது, சீன மாநாட்டுக்கும் ஆங்கில மாநாட்டுக்கும் சமமாக இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடும் அமைந்தது. மாநாடு என்றால் இங்கே கூட்டமல்ல, சபைகளை நிர்வகிக்கும் அமைப்பு. சிறு சபைக்கும் போதகரை நியமிப்பது மாநாட்டின் பொறுப்பு. அவருக்கு இடமாற்றம் வந்தால் இன்னொருவரை அனுப்பும். அதற்குச் சற்று முன், 1973 முதல் 1976 வரை, மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் பேராயராக இருந்தவர் தியோடர் துரைசாமி. தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது எங்கள் பெரியவர்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

இப்போது பல இடங்களில் ஆங்கில, சீன சபைகளோடு ஒரே கட்டடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். பழைய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை தீவின் மறு கோடியிலிருந்து ரயிலேறி வருகிறது.

உங்கள் தாத்தா அந்தப் பக்கம் இருந்தவர் என்றால், சபை அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு தகப்பனின் தொழிலும் பிளாக் எண்ணும் மையில் எழுதியிருக்கும். பார்க்கர் ரோட்டில் உள்ள மெதடிஸ்ட் மையத்தில் திருச்சபையின் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. வீட்டில் பழைய படங்கள் இருந்தால், அதில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள்.