காலிங்பெல் அடித்தாலே வருபவர் மேல் தாவும் நாயை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் ப்ரூனோவுக்கு 14 மாதம் ஆகிறது. எங்களோடு இருக்கும்போது சமர்த்து. ஆனால் காலிங்பெல் அடித்துவிட்டால் வீடே இரண்டுபடுகிறது. கதவைத் திறந்ததும் வருபவர் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டு முகத்தை நக்கப் பார்க்கிறான். யாரையும் கடித்ததில்லை. போன மாதம் என் மாமியாரின் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தாவியதில் தடுமாறி விழப் பார்த்தார்கள். அதிலிருந்து ஆள் வந்தால் பின்பக்கம் கட்டிப்போடுகிறோம், அவர்கள் கிளம்பும்வரை விடாமல் குரைக்கிறான். முழங்காலால் நெஞ்சில் ஒரு இடி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: செய்யாதீர்கள். முழங்கால் இடி, பின்னங்காலை மிதிப்பது, கழுத்தை இறுக்கும் சங்கிலியை வெடுக்கென்று இழுப்பது என்று ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் எதுவுமே வேண்டாம். ப்ரூனோ இன்று ஆள் வந்தால் சந்தோஷப்படுகிறான். ஆள் வரும்போதெல்லாம் அவனுக்கு வலித்தால், வலிக்குக் காரணம் வந்த ஆள்தான் என்று அவன் முடிவுகட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் தாவுவது நின்று உறுமல் ஆரம்பிக்கும். தாவும் நாயைத் திருத்துவது சுலபம், ஆளைக் கண்டு உறுமும் நாயைத் திருத்துவது நீண்ட வேலை.

அவன் ஏன் தாவுகிறான் என்று பார்ப்போம். குட்டி நாய்கள் தாயின் வாயோரத்தை நக்கித்தான் வரவேற்கும், நாய்களுக்குள் பாசம் காட்டும் இடமே முகம்தான். மனிதர்களின் முகம் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதனால் எம்புகிறான். இரண்டு மாதக் குட்டியாக அவன் காலைப் பற்றிக்கொண்டு எம்பியபோது எல்லோரும் தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். அதையே முப்பது கிலோ எடையில் செய்யும்போதுதான் நமக்குத் தொல்லையாகத் தெரிகிறது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை.

இன்னொன்று, தாவினால் அவனுக்குப் பலன் கிடைக்கிறது. "டேய், இறங்குடா, இறங்கு!" என்று நாலு பேர் கத்துகிறோம், வந்தவர் இரண்டு கையாலும் தள்ளுகிறார், நாம் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கிறோம். நமக்கு இது கண்டிப்பு. ஒரு இளம் லாப்ரடாருக்கோ இது மல்யுத்த விளையாட்டு, கூடவே எல்லோர் கவனமும் தன் மேல். போதாததற்கு, "பரவாயில்லைங்க, எனக்கு நாய்ன்னா உயிர்" என்று சொல்லி அவன் தாவியபடியே இருக்க, கட்டிப்பிடித்துக் கொஞ்சும் ஒரு விருந்தாளி எப்போதாவது வந்துவிடுவார். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம் எப்போதும் கிடைப்பதைவிட விடாப்பிடியாக நிலைத்துவிடும், இது நாய்க்கு மட்டும் இல்லை, எல்லா உயிருக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் செய்யவேண்டியது இரண்டுதான்: தாவினால் ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது, நாலு காலும் தரையில் இருந்தால் உடனே நல்லது நடக்கச் செய்வது. முக்கியமானது இரண்டாவது. "செய்யாதே" என்று மட்டும் சொன்னால் நாய்க்கு விளங்காது, அதற்குப் பதிலாக என்ன செய்யவேண்டும் என்று காட்டினால் பிடித்துக்கொள்ளும், அதுவும் சாப்பாட்டுக்கு எதையும் செய்யும் லாப்ரடார் என்றால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

விருந்தாளியோடு ஆரம்பிக்காதீர்கள். வீட்டு ஆட்களோடு தொடங்குங்கள். தினமும் யாராவது வெளியே போய்த் திரும்பிக்கொண்டுதானே இருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு பயிற்சி. உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழியைக் கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து (சைவ வீடு என்றால் பனீர்) ஒரு சின்ன டப்பாவில் போட்டு கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட் நான்கும் நாய்க்கு விஷம், பயிற்சிக்கும் வேண்டாம் பாசத்துக்கும் வேண்டாம். உள்ளே வருகிறீர்கள், அவன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான், அவன் இன்னும் எம்பவில்லை. அந்த நொடிதான் முக்கியம். "குட்" என்று ஒரே ஒரு சொல், உடனே ஒரு துண்டை அவன் முன்னங்காலுக்குப் பக்கத்தில் தரையில் போடுங்கள். கையை உயர்த்தி ஊட்டினால் தலை மேலே வரும், தலை வந்தால் காலும் வரும். தரையில் போட்டால் மூக்கு கீழே போகும். அவன் நிமிர்வதற்குள் அடுத்த துண்டு. நாலைந்து துண்டு இப்படிப் போனதும் நீங்கள் குனிந்து அவன் நெஞ்சையோ தாடையின் அடியையோ மெதுவாகத் தடவிக்கொடுங்கள். நம் குரலும் தாழ்ந்து இருக்கவேண்டும், "என் செல்லமே" என்று நாமே கூவினால் அவன் எப்படி அடங்குவான்?

அதற்குள் தாவிவிட்டால்? கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல், பார்க்காமல் திரும்பி நில்லுங்கள், கால் தரையைத் தொட்டதும் திரும்பலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் தாவி, இறங்கி, அதன் பிறகே துண்டு கிடைத்தால், தாவி இறங்குவதுதான் பாடம் என்று அழகாகக் கற்றுக்கொள்வான். தாவினான், இறங்கினான், "எங்கே என் கோழி" என்று பார்ப்பான். அதனால் தாவி இறங்கியதற்குக் கூலி கொடுக்க அவசரப்பட வேண்டாம், ஓரிரு நொடி அமைதியாக நிற்கட்டும். அடுத்த முறை நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அவன் தாவுவதற்கு முன்னால் கூலி கிடைத்த தடவைகள்தான் அதிகம் இருக்கவேண்டும்.

அடுத்து காலிங்பெல். மணிச் சத்தம் கேட்டதுமே அவனுக்குப் பரபரப்பு ஏறிவிடுகிறது, கதவு திறப்பதற்குள் காது கேட்காத நிலைக்குப் போய்விடுகிறான், அப்போது "உட்கார்" என்று சொல்லிப் பயனில்லை. எனவே மணியை ஆளிலிருந்து பிரிக்கவேண்டும். கதவு தெரிகிற, ஆனால் ஏழெட்டு அடி தள்ளியிருக்கிற ஒரு இடத்தில் பழைய போர்வையோ சாக்கோ மடித்துப் போடுங்கள். முதலில் மணியே இல்லாமல், அதில் போய் நின்றால் துண்டு, படுத்தால் இரண்டு துண்டு என்று சில நாள் பழக்குங்கள். பிறகு உங்கள் வீட்டு மணியின் சத்தத்தை செல்போனில் பதிந்து சின்னதாக ஒலிக்கவிட்டு, ஒலித்ததும் போர்வை மேல் துண்டைப் போடுங்கள். யாரும் வரமாட்டார்கள், கதவும் திறக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு பிள்ளைகளில் ஒருவரை வெளியே அனுப்பி நிஜ மணியை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் அவனுக்கும் சலிக்கும் உங்களுக்கும் சலிக்கும். மணி அடித்ததும் கதவுக்கு ஓடுகிற நாய் போர்வைக்கு ஓடி உங்கள் முகத்தைப் பார்க்கிற நாள் ஒன்று வரும், அப்போது அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் கதவு, இதுதான் பொறுமையைச் சோதிக்கும். தாழ்ப்பாளில் கை வையுங்கள். எழுந்தானா? கையை எடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்லவேண்டாம். இருந்த இடத்தில் இருந்தானா? போய் ஒரு துண்டு. அடுத்து தாழைச் சத்தம் வர விலக்குவது, அடுத்து விரல்கடை அளவு திறப்பது, அடுத்து பாதி. அவன் எழுந்தால் கதவு மூடும், இருந்தால் திறக்கும் என்று அவனாகவே புரிந்துகொள்ளட்டும். மரக்கதவுக்கு வெளியே கிரில் கேட் இருக்கிற வீடு என்றால் உங்களுக்குப் பெரிய வசதி, மரக்கதவைத் திறந்து பழகும்போதும் அவன் வெளியே பாய முடியாது.

சரி, இப்போது நிஜ விருந்தாளி. நம் வீடுகளில் வருகிறவர் வாசலில் ஒற்றைக் காலில் நின்று, குனிந்து, செருப்பின் வாரை அவிழ்ப்பார். முகம் கீழே வருகிறது, நிலை தடுமாறுகிறது, சேலைத் தலைப்பு முன்னால் ஆடுகிறது. தாவுவதற்கு இதைவிடத் தோதான நேரம் ஒரு நாய்க்குக் கிடைக்காது. நீங்கள் சொன்ன பெரியம்மா தடுமாறியதும் இங்கேதான். ஆகவே செருப்பைக் கழற்றி முடிக்கும்வரை நாயும் விருந்தாளியும் ஒரே இடத்தில் இருக்கவேகூடாது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும், பத்து நிமிடம் பேசுங்கள், வீட்டில் அந்தப் பரபரப்பு அடங்கட்டும். அதன் பிறகு ப்ரூனோவைப் பட்டையும் வாரும் போட்டுக் கூட்டி வாருங்கள். வார் தளர்வாக இருக்கவேண்டும், இறுக்கிப் பிடித்தால் அவன் முறுக்கிக்கொண்டு இழுப்பான். விருந்தாளி அவனைப் பார்க்கவோ பேசவோ வேண்டாம், அவன் போய் முழங்காலையும் கையையும் மோந்து பார்க்கட்டும். நாலு காலும் தரையில் இருந்தால் அவர் அவன் நெஞ்சில் இரண்டு மூன்று முறை தடவலாம், உடனே நீங்கள் அவனைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுங்கள். சந்திப்பு சின்னதாக இருக்கட்டும். தேவைப்பட்டால் இன்னொரு தடவை போகட்டும்.

முதல் சில முறை, சொன்னால் கேட்கிற நண்பர்களையே கூப்பிடுங்கள். மற்றவர்களிடம் வருவதற்கு முன் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "அவனுக்குப் பழக்கிக்கிட்டு இருக்கோம், வந்ததும் அவனைப் பார்க்காதீங்க, உட்கார்ந்த பிறகு கொஞ்சலாம்." வாசலில் வந்து நிற்கும் உறவுக்காரரிடம் சட்டம் பேசுவது நமக்குக் கூச்சமாக இருக்கும், போனில் சொல்வது எளிது. நாயைக் கண்டு பயப்படுகிறவர் வந்தால் அறிமுகமே வேண்டாம். "ஒண்ணும் பண்ணாது, சும்மா விளையாடுறான்" என்று சொல்லி அவர் மேல் விடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். நம் நாயை விரும்பவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

கூரியர், சிலிண்டர், பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர் என்று சொல்லாமல் வருகிறவர்களுக்கு என்ன செய்வது? அப்போது பயிற்சி கொடுக்க நினைக்காதீர்கள். ஒரு கைப்பிடி உலர் தீனியை உள்ளறைத் தரையில் பரவலாக எறிந்து கதவைச் சாத்துங்கள். மோந்து தேடித் தின்பதே நாயை அமைதிப்படுத்தும். வந்தவர் நெடுநேரம் இருப்பார் என்றால் உள்ளே குழிவுள்ள கெட்டி ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை (உப்பு, தாளிப்பு எதுவும் வேண்டாம்) அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்ததைக் கொடுங்கள், அரைமணி நேரமாவது நக்கிக்கொண்டு கிடப்பான். இப்போது பின்பக்கம் கட்டிப்போடும்போது அவன் குரைப்பதற்குக் காரணம், பேச்சுச் சத்தம் எல்லாம் கேட்கிறது, போக முடியவில்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத நேரத்திலும் அந்த உள்ளறையில் பொம்மையோடு விட்டுப் பழக்கினால், அது தண்டனை இடம் என்ற எண்ணம் வராது.

திருச்சி வெயிலில் நடக்க வைப்பதும் ஒரு கலை. காலையில் வெயில் ஏறும் முன்பும் இருட்டிய பிறகும் போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. நடை என்றால் இழுத்துக்கொண்டு வேகமாகப் போவதில்லை, மோந்து பார்க்க விடுங்கள், அதில்தான் அவன் மூளைக்கு வேலை. விருந்தாளி வருவதற்கு முன் பந்து போட்டுக் களைக்க வைக்கிறேன் என்று பலர் செய்கிறார்கள், பல நாய்கள் அதில் இன்னும் சூடேறித்தான் நிற்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். நடுவில் சில நாள் முன்பைவிட அதிகமாகத் தாவுவான், குரைப்பான். இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று வேகமாக முயன்று பார்ப்பதுதான் அது. அந்த நேரத்தில் மனமிரங்கி ஒரு தடவை கொஞ்சிவிட்டால், இன்னும் பலமாகத் தாவினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். உங்கள் கணவரோ பிள்ளைகளோ மாலையில் அவனைத் தோள்மேல் ஏறவிட்டு விளையாடினால் உங்கள் உழைப்பு அவ்வளவும் வீண். அவனுக்கு இப்போது விடலைப் பருவம். லாப்ரடார் முழுதாக நிதானத்துக்கு வர இரண்டு மூன்று வயதாகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சந்தோஷத்தில் தாவும் நாய்க்கு. உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய, வாயை இறுக மூடி நிற்கும் நாய்க்கு இது பொருந்தாது, வால் ஆடினாலும் அது மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்படித் தெரிந்தால், அல்லது சாதுவாக இருந்தவன் திடீரென்று மாறினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். லாப்ரடாருக்குக் காதில் சீழ் வருவது சகஜம், வலியில் இருக்கும் நாய் தொட்டாலே சீறும்.

கடைசியாக நகம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். விளையாட்டாகத் தாவியதில் விருந்தாளிக்குக் கீறல் விழுந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே மருத்துவரைப் பார்க்கவையுங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படலாம், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ப்ரூனோவின் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அட்டையில் இந்த வருட ஊசி ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.