பேரூராட்சியா, ஊராட்சியா? மானியத்தில் இரண்டு லட்சம் வித்தியாசம்

காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் ஆலை வைக்கப்போகும் வாசகி கேட்கிறார்: "திட்ட மதிப்பு 20 லட்சம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 7 லட்சம் மானியம் என்றார்கள். அந்தப் பணம் எப்போது கைக்கு வரும்? கொட்டகைக்குப் பேரூராட்சியில் ஒரு இடம், பக்கத்து ஊராட்சியில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். எது நல்லது?"

முதலில் இடம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் உங்களுக்குத் திட்ட மதிப்பில் கிராமப் பகுதியில் 35 சதவீதம், நகர்ப் பகுதியில் 25 சதவீதம் மானியம். 2022-இல் திருத்திய விதிப்படி, பஞ்சாயத்து ராஜ் அமைப்பின் கீழ் வரும் பகுதி கிராமம், நகராட்சி அமைப்பின் கீழ் வருவது நகரம். பலர் சறுக்குவது பேரூராட்சியில்தான். பெயரில் ஊராட்சி இருந்தாலும் சட்டப்படி அது நகர்ப்புற உள்ளாட்சி. வயலும் தோப்புமாக இருக்கிறதே என்பதெல்லாம் கணக்கில் வராது. 20 லட்சத்துக்கு அங்கே 5 லட்சம், ஊராட்சியில் 7 லட்சம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த இடத்தின் வரி ரசீது எந்த உள்ளாட்சியின் பெயரில் வருகிறது என்று பாருங்கள். இடம் வாங்கும் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

இனி பணம். 7 லட்சமும் கைக்கு வராது. உங்கள் பங்கு 5 சதவீதம், அதாவது ஒரு லட்சம். மீதி 19 லட்சம் வங்கிக் கடன். முதல் தவணையை விடுவித்த பிறகு வங்கி மானியத்தைக் கோரி வாங்கி, உங்கள் பெயரில் மூன்று வருட வைப்பாகப் பூட்டிவைக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கும் வட்டி போடக் கூடாது. ஆக, வட்டி 12 லட்சத்துக்குத்தான். இதை மாதாமாதம் ஸ்டேட்மென்டில் சரிபாருங்கள். கணினியில் 19 லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தால், 11 சதவீத வட்டியில் வருடத்துக்கு 77,000 ரூபாய் வீணாகப் போகும். எழுத்து மூலம் கேட்டால் திருத்திக் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை.

மூன்று வருடம் முடிந்து, ஆலை ஓடுகிறது என்று நேரில் ஆய்வு செய்த பிறகே மானியம் கடனில் வரவாகும். இடையில் மூடினால் போச்சு. இதைவிட நைசாக அடிவாங்கும் இடம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வைக்கும் பணம். 20 லட்சத்தில் 6 லட்சம் அதற்கு என்றால், மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது அந்தக் கடன் வரம்பை முழுசாக எடுத்திருக்க வேண்டும். பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொப்பரையைக் கைக்காசில் வாங்கி, இதற்கென வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடனைத் தொடாமல் வைத்திருப்பது சிக்கனமாகத் தெரியும். கடைசியில் எடுக்காத பங்கின் விகிதத்துக்கு மானியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதனால் திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டாதீர்கள். மானியம் கூடட்டும் என்று ஆலோசகர்கள் ஊதுவதுதான் வழக்கம்.

உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போவதால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். 5 லட்சத்தைத் தாண்டிய திட்டத்துக்கு 10 நாள் பயிற்சியும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் மானியம். கணவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்கு இல்லை. புதிய அலகுக்கு மட்டுமே என்பதால், கடன் அனுமதிக்கு முன்பே இயந்திரம் வாங்கி ஓட்டத் தொடங்கிவிடாதீர்கள். புதிய தொழில்முனைவோருக்கு மாநில அரசு தரும் நீட்ஸ் திட்ட மானியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

மின் இணைப்பில் ஒரு சங்கதி. மொத்த இணைப்புச் சுமை 12 கிலோவாட்டுக்குள், அதாவது சுமார் 16 எச்பிக்குள் இருந்தால் குறுந்தொழிலுக்கான 3-ஏ1 கட்டணப் பிரிவைக் கேளுங்கள். அதைத் தாண்டினால் 3-பி, அதில் செலவு கூடும். செக்கு, அரவை, வடிகட்டி, விளக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மோட்டார்களை ஆர்டர் செய்யுங்கள்.

திட்டம் 2025-26 வரைதான் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பிப்பதாக இருந்தால் தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.