18 வயது முடிந்தால் இல்லத்தைவிட்டு எங்கே போவது?

கேள்வி: ஏழு வயதில் அப்பா, அம்மா இருவரையும் இழந்தேன். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறேன். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறேன். ஜனவரியில் எனக்கு 18 முடிகிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு. "18 ஆனால் இங்கே இருக்க முடியாது, சித்தப்பா வீட்டுக்குப் போய்விடு" என்கிறார்கள். அவரைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. அரசு உதவி ஏதும் கிடைக்குமா? என்னிடம் சாதிச் சான்றிதழும் இல்லை.

பதில்: கிடைக்கும். அந்த உதவிக்குப் பெயர் பிற்காப்பு. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 46-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது: குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயது முடிந்து வெளியேறுபவருக்கு, சமூகத்தில் காலூன்றும் வரை நிதி உதவி வழங்கலாம். சாதாரணமாக 21 வயது வரை. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம்.

"வழங்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறந்தநாள் வந்ததும் தானாகக் கணக்கில் விழும் பணம் அல்ல இது. யாராவது திட்டம் எழுதி, இல்லத்துப் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் வைத்து, உத்தரவு வாங்கினால்தான் உண்டு. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தத் திட்டத்தைத் தயாரித்துக் குழுவிடம் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. உங்கள் கணக்குப்படி அது நவம்பர். பலருக்கு உதவி கைநழுவுவது இந்த இடத்தில்தான். ஜனவரி வரை எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அவசரத்தில் ஓர் உறவினர் பெயரை எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

உங்களைச் சித்தப்பாவிடம் ஒப்படைக்கும் முடிவு இல்லத்துடையது அல்ல. அவர் உங்களைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவரா என்று விசாரித்து முடிவு செய்ய வேண்டியது குழந்தைகள் நலக் குழு. உங்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டியதும் அதன் கடமை. 18 ஆவதற்கு முன்பே "உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்" என்று பதிவாகிவிட்டால், பிறகு பிற்காப்பு கேட்பது சிக்கலாகிவிடும். ஏனென்றால் அந்த உதவி, நிறுவனப் பராமரிப்பிலிருந்து 18 முடிந்து வெளியே வருபவருக்கானது. எந்தத் தாளிலாவது கையெழுத்துக் கேட்டால் முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள்.

இல்லத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களுடைய பதிவு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. எழுத்துமூல உத்தரவு இல்லாமல் உங்களை வைத்திருந்தால் ஆய்வுக்கு வருபவர்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் குழுவின் உத்தரவு உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவர்களுக்கும் தேவை. இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான கண்காணிப்பாளர்கள் கூடவே வருவார்கள்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்களை இல்லத்தில் சேர்த்தபோது குழு போட்ட உத்தரவு கோப்பில் இருக்கிறதா? எண், தேதியோடு நகல் கேளுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு 18 முடிவதற்குள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் கொடுத்து, குழுவின் முன் ஆஜராகிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே போக வழியில்லை என்றால் 1098-ஐ அழையுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் இப்போது அந்த உதவி எண் உங்களுக்கானது.

அடுத்தது மனு. ஒரே பக்கம் போதும். குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்கு எழுதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் இல்லக் கண்காணிப்பாளருக்கும் நகல் கொடுங்கள். இப்படி எழுதலாம்: "எனக்கு இந்தத் தேதியில் 18 வயது முடிகிறது. என்னைப் பராமரிக்கக்கூடிய உறவினர் இல்லை. பொதுத்தேர்வு முடிந்து கல்லூரியில் சேரும் வரை தங்கும் ஏற்பாடும், அதன்பின் இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆவது பிரிவின்படி பிற்காப்பு நிதி உதவியும் வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். என் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் இதைச் சேர்க்கவும் வேண்டுகிறேன்." தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்பது உங்கள் ஒருவருக்காக எழுதிக் கோப்பில் வைக்கும் திட்டம். 'தேர்வு', 'கல்லூரி' என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். காரணமும் கால அளவும் இல்லாத மனுவின் மேல் தெளிவான உத்தரவு வராது. இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். ஆகவே "அடுத்த மாதம் வா" என்று சொன்னால் எந்தத் தேதி என்று கேட்கலாம்.

பணம் எவ்வளவு? மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதல்படி மாதம் 4,000 ரூபாய், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். தனியார் விடுதி வாடகைக்கே இது பற்றாது. அதனால் அரசுக் கல்லூரி, அரசு விடுதி என்று திட்டமிடுவது நல்லது. மாதிரி விதிகள் பணத்தோடு நிற்கவில்லை: ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகை, மேற்படிப்பு உதவி, ஆலோசகர், சொந்தத் தொழிலுக்குக் கடன் ஏற்பாடு வரை சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் இவற்றில் எது நடைமுறையில் இருக்கிறது என்று அலகில் கேளுங்கள். பிற்காப்பு தரும் அமைப்புகளின் பட்டியலை வைத்திருக்க வேண்டியது அவர்கள்தான்.

பிற்காப்போடு சேராத தனித் திட்டங்களும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். உங்கள் நிலையில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சாதிச் சான்றிதழுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஒரு வரி உண்டு: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பராமரிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள். ஏழு வயதில் இழந்த நீங்கள் இதில் வருவீர்கள். குழுவின் உத்தரவு, இல்லத்தின் சேர்க்கைப் பதிவு, பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் இருந்தால் அது ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு இந்த வரி தெரியாமல் இருக்கலாம்; பட்டியலின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். பெற்றோரின் சாதிக்கு ஆவணம் இருந்து, அது பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால் அந்தச் சான்றிதழையே வாங்குங்கள். அதன் உதவித்தொகையும் ஒதுக்கீடும் உங்களுக்குக் கூடுதல் பயன் தரும்.

இனி பணம் சிக்கிக்கொள்ளும் இடங்கள். இல்லத்துப் பிள்ளைகள் பலரின் ஆதாரில் இருப்பது வார்டனின் கைப்பேசி எண். வெளியே வந்தபின் ஓடிபி அங்கே போகும், நீங்கள் இங்கே நிற்பீர்கள். 18 முடிந்ததும் உங்கள் பெயரில் சிம் வாங்கி, ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். 15 வயதில் கைரேகை புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்து முடித்துவிடலாம். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஆதாரைத் திருத்துங்கள், மதிப்பெண் பட்டியலை அல்ல. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கண்காணிப்பாளரோடு சேர்ந்து திறந்த மைனர் வங்கிக் கணக்கு இருந்தால், 18 ஆனதும் புதிய கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்கும் வரை பணம் எடுக்க முடியாமல் போகலாம். பிறந்தநாள் கழிந்த வாரமே கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்கு அரசுப் பணம் போய்விடும். வரவே இல்லை என்று பலர் நினைப்பது இதனால்தான்.

மனுவுக்குப் பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் முத்திரை வாங்கிய நகலோடு கொடுங்கள். குழு மறுத்து உத்தரவு போட்டாலும் பிற்காப்புக்கான மேல்முறையீடு ஆட்சியரிடம்தான். 30 நாள் அவகாசம். மேல்முறையீடு எழுத மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே 18 முடிந்து இல்லத்தைவிட்டு வந்தவர்கள் இருந்தால், 21 முடியவில்லை என்றால் உங்களுக்கும் வழி மூடவில்லை. கடைசியாக இருந்த இல்லத்தில் விடுவிப்பு உத்தரவின் நகலை வாங்கி, இதே மனுவைத் தங்கும் தேவைக்கேற்ப மாற்றி, அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள்.